ப்ளேஸ்ஹோல்டர்: சாம்பல் எழுத்து டேட்டாவா மாறும்போது

*இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, கேட்டால் மட்டும் புரியும் சில இடங்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறோம்.*

இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம் ஒண்ணைப் பத்திப் பேசப் போறோம். ஒரு டெஸ்க்டாப் அப்ளிகேஷனைத் திறக்கிறீங்க. மேலே ஒரு தேடல் பெட்டி. உள்ளே மங்கலான சாம்பல் நிறத்தில் 'பெயர் அல்லது பில் எண்' என்று இருக்கு. நீங்க டைப் பண்ண ஆரம்பிச்சதும் அது மறையுது. டைப் பண்ணதை எல்லாம் அழிச்சா திரும்ப வருது. இதுதான் ப்ளேஸ்ஹோல்டர். விண்டோஸ் ஆவணங்களில் இதுக்கு க்யூ பேனர் என்று பேர், ஜாவாஎஃப்எக்ஸில் ப்ராம்ப்ட் டெக்ஸ்ட். வாட்டர்மார்க் என்றும் சிலர் சொல்வாங்க. எல்லாம் ஒண்ணுதான்.

வெப் பக்கம் வேலை செய்றவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இன்புட் டேகில் ப்ளேஸ்ஹோல்டர் என்று ஒரு ஆட்ரிபியூட் போட்டா முடிஞ்சது, மீதியை ப்ரவுசர் பார்த்துக்கும். டெஸ்க்டாப்பில் அப்படி இல்லை. ஒவ்வொரு டூல்கிட்டும் ஒவ்வொரு மாதிரி. சிலதில் இந்த வசதி ரொம்ப லேட்டா வந்தது, சிலதில் வரவே இல்லை. வசதி இல்லாத இடத்தில் எல்லாருக்கும் ஒரே குறுக்கு வழிதான் தோணும். அந்தக் குறுக்கு வழி என்ன, அது ஏன் ஆபத்து, சரியான வழி எது என்பதுதான் இந்த எபிசோட்.

எல்லாரும் போடற குறுக்கு வழி

காலேஜில் பைதான், டிகின்டர் வச்சு ப்ராஜெக்ட் பண்ணவங்களுக்கு இது நல்லாத் தெரியும். டிகே 8.6 வரை டிகின்டரோட சாதாரண என்ட்ரி பெட்டியில் ப்ளேஸ்ஹோல்டர் ஆப்ஷன் கிடையாது. அதனால என்ன பண்ணுவோம்? பெட்டிக்குள்ளே 'பெயர்' என்ற எழுத்தையே இன்சர்ட் பண்ணி, நிறத்தைச் சாம்பல் ஆக்குவோம். ஃபோகஸ் உள்ளே வரும்போது, அந்த எழுத்து இருந்தா அதை அழிச்சுட்டு நிறத்தைக் கறுப்பாக்குவோம். ஃபோகஸ் வெளியே போகும்போது பெட்டி காலியா இருந்தா, திரும்ப அதே எழுத்தைப் போட்டுச் சாம்பல் ஆக்குவோம். மொத்தமே பத்து வரி கோட். டெமோவில் அழகா வேலை செய்யும். ஸ்விங், வின்ஃபார்ம்ஸ் இரண்டிலும் இதே பத்து வரியைக் கொஞ்சம் மாத்தி எழுதினதைப் பார்க்கலாம்.

இதில் என்ன தப்பு? ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிடலாம். யூசரோட பதில் இருக்க வேண்டிய இடத்தில் நம்ம குறிப்பை வச்சுட்டோம். நிறம் மட்டும்தான் வேற. நிறம் நம்ம கண்ணுக்குத் தெரியும், டேட்டாபேஸுக்குத் தெரியாது.

ஒரு கிளினிக்கை நினைச்சுப் பாருங்க

கற்பனையா ஒரு சூழல். ஒரு சின்ன கிளினிக். வரவேற்பில் ஒரு அக்கா நோயாளிகளைப் பதிவு பண்றாங்க. ஃபார்மில் 'மருந்து ஒவ்வாமை' என்று ஒரு பெட்டி. அதில் என்ன எழுதணும் என்று புரியட்டுமே என்று, அந்த சாஃப்ட்வேரை எழுதினவர் குறுக்கு வழியில் சாம்பல் நிறத்தில் 'பெனிசிலின்' என்று போட்டிருக்கார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு உதாரணம்.

வர்றவங்களில் நிறையப் பேருக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. அந்த அக்கா அந்தப் பெட்டியைத் தொடாமலே சேவ் பட்டனை அழுத்தறாங்க. சேவ் பண்ற கோட், பெட்டியில் இருக்கிற எழுத்தை எடுத்து அப்படியே டேட்டாபேஸில் போடுது. இப்போ ஒவ்வாமையே இல்லாதவங்க எல்லாருக்கும் பெனிசிலின் ஒவ்வாமை என்று பதிவாகிடுச்சு. ரெக்கார்டைத் திறந்து பார்த்தா யாரைப் பார்த்தாலும் பெனிசிலின். கொஞ்ச நாளில் டாக்டர் அந்தப் பெட்டியைப் பார்க்கிறதையே நிறுத்திடுவார். நிஜமாவே பெனிசிலின் ஒத்துக்காத ஒருத்தர் வரும்போது, அவரோட ரெக்கார்டும் மத்தவங்க ரெக்கார்டு மாதிரியேதான் இருக்கும்.

சரி, பக் தெரிஞ்சாச்சு. இதுக்கு எல்லாரும் போடற முதல் ஒட்டு என்ன? 'சேவ் பண்ணும்போது, பெட்டியில் இருக்கிறது குறிப்பு எழுத்தா என்று பார், ஆமாம்னா காலி என்று எடுத்துக்கோ.' ஒரு இஃப் கண்டிஷன். இப்போ நிஜ நோயாளி ஒருத்தர் வந்து 'எனக்கு பெனிசிலின் ஒத்துக்காது' என்று சொல்றார். அக்கா கவனமா 'பெனிசிலின்' என்று டைப் பண்றாங்க. சேவ் கோட் பார்க்குது: குறிப்பு எழுத்தும் இதுவும் ஒண்ணு, அப்போ காலி. ஒவ்வாமை இல்லை என்று பதிவாகுது. முதல் பக் இல்லாததைச் சேர்த்தது, அதுக்குப் போட்ட ஒட்டு இருக்கிறதை அழிச்சது. இரண்டாவதுதான் இன்னும் மோசம், ஏன்னா அது எப்பவாவது ஒரு தடவைதான் நடக்கும், யார் கண்ணிலும் படாது.

இன்னொரு விஷயம். கோடைச் சரிபண்ணினாலும் பழைய ரெக்கார்டுகள் அப்படியேதான் இருக்கும். அதில் எது உண்மையான பெனிசிலின், எது தொடாமல் விட்ட பெனிசிலின் என்று பிரிக்க எந்த க்வெரியாலும் முடியாது. அந்தத் தகவல் சேவ் ஆன நொடியிலேயே போயிடுச்சு.

வேற எங்கெல்லாம் உடையும்

கிளினிக் அளவுக்கு ஆபத்து இல்லாத அப்ளிகேஷன்களிலும் இந்தக் குறுக்கு வழி தினமும் உடையும். இதில் சிலதை நீங்களே பார்த்திருப்பீங்க.

* 'இந்தப் பெட்டியைக் கட்டாயம் நிரப்பணும்' என்ற சோதனை, காலிப் பெட்டியையும் நிரம்பியது என்று விட்டுடும்.
* பாஸ்வேர்ட் பெட்டியில் 'பாஸ்வேர்ட்' என்ற குறிப்பே புள்ளிகளா, நட்சத்திரங்களா தெரியும். ஏற்கனவே ஏதோ பாஸ்வேர்ட் சேமிச்சிருக்கு என்று யூசர் நினைப்பார்.
* டைப் பண்ணப் பண்ணத் தேடற லைவ் சர்ச்சில், விண்டோ திறந்ததுமே லிஸ்ட் காலியாகும். ஏன்னா 'பெயர் அல்லது பில் எண்' என்ற பெயரில் ஒரு கஸ்டமரை அது தேடிட்டு இருக்கும்.
* பழைய ரெக்கார்டைத் திறந்தா, கோட் நிஜப் பெயரை உள்ளே போடும், நிறத்தை மாத்த மறந்துடும். நிஜப் பெயர் சாம்பலில் தெரியும்.
* அன்டூ இருக்கிற பெட்டிகளில் கன்ட்ரோல் இசட் அடிச்சா குறிப்பு எழுத்து திரும்ப வந்து நிக்கலாம், அதுவும் கறுப்பு நிறத்தில்.
* எண் மட்டும் ஏத்துக்கிற பெட்டி, குறிப்பை ஏத்துக்காது. அதிகபட்ச நீளம் 6 என்று வச்சிருந்தா குறிப்பு பாதியில் வெட்டப்படும்.
* ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்தற பார்வையற்ற ஒருத்தருக்கு, அந்தக் குறிப்பு ஏற்கனவே நிரப்பின பதிலா வாசிக்கப்படும். சாம்பல் நிறத்தை அவருக்கு யாரும் சொல்லப் போறதில்லை.

'எழுத்தை ஒப்பிட வேண்டாம், இப்போ காட்டறது குறிப்புதான் என்று ஒரு பூலியன் கொடி வச்சுக்கலாமே' என்று கேட்கலாம். அது முந்தினதை விடப் பரவாயில்லை. ஆனா அந்தப் பெட்டியைப் படிக்கிற ஒவ்வொரு இடமும் அந்தக் கொடியைப் பார்க்கணும். சேவ், தேடல், பிரிண்ட், எக்ஸ்போர்ட், டேட்டா பைண்டிங் எல்லாம். ஒரு இடத்தில் மறந்தா போதும், பழைய பக் திரும்ப வந்துடும். புதுசா டீமில் சேர்றவருக்கு இந்தக் கொடி இருக்கிறதே தெரியாது.

சரியான எண்ணம்: மதிப்பு வேற, படம் வேற

அப்போ சரியான வழி என்ன? பெட்டியோட மதிப்பைத் தொடவே கூடாது. பெட்டி காலி என்றால் அதோட மதிப்பு வெற்று ஸ்ட்ரிங், எப்போதும். பெட்டியைத் திரையில் வரையும்போது மட்டும், 'மதிப்பு காலியா இருக்கா? இருந்தா மேலே இந்த எழுத்தைச் சாம்பல் நிறத்தில் வரை' என்று ஒரு படி சேர்க்கணும். குறிப்பு என்பது பார்டர் மாதிரி, பின்னணி நிறம் மாதிரி ஒரு தோற்றம்தான். பின்னணி நிறத்தை யாரும் டேட்டாபேஸில் சேவ் பண்றதில்லை இல்லையா?

இப்படி வச்சுட்டா மேலே சொன்ன பட்டியலில் பெரும்பாலானது தானாகவே சரியாகிடும். ஒப்பீடு வேண்டாம், கொடி வேண்டாம், ஃபோகஸ் ஈவென்ட்டும் வேண்டாம்.

எந்த டூல்கிட்டில் எப்படி

முதல்ல விண்டோஸ். விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்தே எடிட் கன்ட்ரோலுக்கு க்யூ பேனர் வைக்க ஒரு மெசேஜ் இருக்கு. பேர் 'இஎம் செட் க்யூ பேனர்'. இரண்டு கண்டிஷன். ஒண்ணு, காமன் கன்ட்ரோல்ஸ் லைப்ரரியோட 6-ஆம் பதிப்பு வேணும், அதுக்கு அப்ளிகேஷன் மேனிஃபெஸ்ட்டில் சொல்லியிருக்கணும். சொல்லாட்டி திரையில் எரர் எதுவும் வராது, குறிப்பும் வராது. நிறையப் பேர் மண்டையைப் பிச்சுக்கிற இடம் இதுதான். இரண்டு, பல வரி எடிட் பெட்டிக்கும் ரிச் எடிட்டுக்கும் இது வேலை செய்யாது. இந்த மெசேஜில் முதல் அளவுரு ஒரு ஆம்-இல்லை. 'இல்லை' என்று கொடுத்தா, பெட்டிக்குள் க்ளிக் பண்ணதுமே குறிப்பு மறையும். 'ஆம்' என்று கொடுத்தா, டைப் பண்ற வரைக்கும் இருக்கும். 'ஆம்' கொடுங்க. ஃபார்ம் திறந்ததும் முதல் பெட்டிக்குத் தானா ஃபோகஸ் போயிடும், 'இல்லை' என்று இருந்தா அந்தக் குறிப்பை யாரும் பார்க்கவே மாட்டாங்க.

வின்ஃபார்ம்ஸில், டாட்நெட் கோர் 3.0-இல் இருந்து, அதாவது 2019 முதல், டெக்ஸ்ட்பாக்ஸுக்கு ப்ளேஸ்ஹோல்டர்டெக்ஸ்ட் என்ற ப்ராப்பர்ட்டியே இருக்கு. பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் இது கிடையாது. பில்லிங், ஸ்டாக் மாதிரியான பழைய ப்ராஜெக்ட்களில் மாட்டிக்கிட்டவங்க மேலே சொன்ன மெசேஜை நேரடியா அனுப்பலாம். ஆனா அதை ஹேண்டில் உருவாகிற இடத்தில் அனுப்புங்க. வின்ஃபார்ம்ஸ் சில நேரம் ஹேண்டிலை அழிச்சுப் புதுசா உருவாக்கும், அப்போ கன்ஸ்ட்ரக்டரில் ஒரு தடவை அனுப்பினது காணாமல் போயிடும்.

டபிள்யூபிஎஃப்பில் வழக்கமான முறை வேற. டெக்ஸ்ட்பாக்ஸ் டெம்ப்ளேட்டுக்குள் ஒரு டெக்ஸ்ட்பிளாக்கை மேலே அடுக்கி, மதிப்பு காலியா இருக்கும்போது மட்டும் ஒரு ட்ரிகர் அதைக் காட்டும். இதில் மறக்கக் கூடாதது, அந்த டெக்ஸ்ட்பிளாக்கில் ஹிட் டெஸ்ட்டை அணைக்கணும். இல்லாட்டி யூசரோட க்ளிக் குறிப்பிலேயே நின்னுடும், பெட்டிக்குள் போகாது.

க்யூட்டியில் வேலை சுலபம். க்யூலைன்எடிட்டுக்கு 4.7 பதிப்பிலிருந்தே 'செட் ப்ளேஸ்ஹோல்டர் டெக்ஸ்ட்' இருக்கு. குறிப்போட நிறத்துக்குத் தனியா ஒரு பேலட் ரோல் 5.12-இல் வந்தது. ஒரு சின்ன விநோதம்: எழுத்தை நடுவில் சீரமைச்ச பெட்டியில், ஃபோகஸ் வந்ததுமே குறிப்பு மறைஞ்சுடும். அது பக் இல்லை. நடுவில் மின்னுற கர்சருக்கு அடியில் எழுத்து இருந்தா குழப்பம் என்று வேணும்னே அப்படி வச்சிருக்காங்க.

ஜிடிகேயில் 3.2 முதல் என்ட்ரிக்கு இந்த வசதி உண்டு. மேக்கில் 2003-இல் வந்த 10.3-இலேயே ப்ளேஸ்ஹோல்டர்ஸ்ட்ரிங் வந்தாச்சு. ஜாவாஎஃப்எக்ஸில் ப்ராம்ப்ட் டெக்ஸ்ட் கூடவே வருது.

ஸ்விங்கில் இல்லை. ஃப்ளாட்லாஃப் என்ற தோற்ற லைப்ரரி பயன்படுத்தறவங்களுக்கு ஒரு க்ளையன்ட் ப்ராப்பர்ட்டி வச்சாலே போதும். மத்தவங்க ஜேடெக்ஸ்ட்ஃபீல்டை எக்ஸ்டெண்ட் பண்ணி, பெயின்ட்காம்பொனென்ட்டில் முதல்ல வழக்கமா வரையறதை வரையவிட்டு, டாக்குமென்ட்டோட நீளம் பூஜ்யம் என்றால் மட்டும் குறிப்பை வரையணும். நீளத்தைக் கேளுங்க, எழுத்தை வாங்காதீங்க. அதே கோட் பாஸ்வேர்ட் பெட்டிக்கும் தேவையில்லாம பாஸ்வேர்டை எடுக்காமல் வேலை செய்யும்.

டிகின்டரில்? டிகே 9.0-இல் டிடிகே என்ட்ரிக்கு ப்ளேஸ்ஹோல்டர் வந்திருக்கு. உங்க பைதானோட வர்றது 8.6 என்றால், என்ட்ரி மேலேயே ஒரு லேபிளை 'ப்ளேஸ்' முறையில் வைங்க. என்ட்ரியோட ஸ்ட்ரிங்வேரியபிளுக்கு ஒரு ட்ரேஸ் போட்டு, காலியா இருந்தா லேபிளைக் காட்டுங்க, இல்லைன்னா மறைங்க. லேபிளை க்ளிக் பண்ணா ஃபோகஸை என்ட்ரிக்குக் கொடுங்க. அதுவும் பத்துப் பதினைந்து வரிதான். வரி எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், என்ட்ரிக்குள் என்ன இருக்கு என்பது மட்டும் சுத்தமா இருக்கும்.

நீங்களே வரையறீங்கன்னா, தமிழில் டைப் பண்ணிப் பாருங்க

கையால் வரையறவங்களுக்கு ஒரு முக்கியமான சோதனை. லினக்ஸில் ஐபஸ் வச்சு ஒலிப்பு முறையில் தமிழ் டைப் பண்ணும்போது, அழுத்தற எழுத்து உடனே பெட்டிக்குள் போய்ச் சேராது. உருவாகிட்டு இருக்கிற எழுத்து ஒரு தற்காலிக நிலையில் இருக்கும், அதுக்கு ப்ரீஎடிட் என்று பேர். அந்த நேரத்தில் சில டூல்கிட்களில் பெட்டியோட மதிப்பு இன்னும் காலிதான். நீங்க 'மதிப்பு காலியா?' என்று மட்டும் பார்த்தா, குறிப்பும் நீங்க டைப் பண்ற எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். க்யூட்டி தன்னோட கோடில் ப்ரீஎடிட்டும் காலியா என்று சேர்த்தே பார்க்குது. நீங்களும் பார்க்கணும். ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் பண்ற டீமுக்கு இந்த பக் கடைசி வரை தெரியாது.

குறிப்பையே தமிழில் எழுதறப்போ உயரத்தையும் பாருங்க. ஃபான்ட்டில் தமிழ் இல்லாட்டி, சிஸ்டம் வேற ஃபான்ட்டிலிருந்து எழுத்தை எடுத்துக்கும். அதோட அளவு வேற மாதிரி இருக்கலாம், பெட்டிக்குள் மேலே இருக்கிற புள்ளியோ கீழே இறங்கற வளைவோ வெட்டுப்படும். நீளமும் அப்படித்தான். 'உங்கள் கைபேசி எண்ணை உள்ளிடவும்' என்பது சின்னப் பெட்டியில் 'உங்கள் கைபே' என்று நிக்கும். 'பத்து இலக்க எண்' என்றால் அடங்கிடும், தகவலும் அதிகம்.

குறிப்பு எதுக்கு, லேபிள் எதுக்கு

கடைசியா டிசைன் பக்கம். இடம் மிச்சம் பண்ண, லேபிளையே எடுத்துட்டுக் குறிப்பை மட்டும் வைக்கிற வழக்கம் ஒண்ணு இருக்கு. பார்க்க நறுக்குன்னு இருக்கும். ஆனா டைப் பண்ணதும் குறிப்பு மறைஞ்சுடும். பத்துப் பெட்டியை நிரப்பிட்டு, சேவ் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்க்கிறவருக்கு எந்தப் பெட்டி எதுக்கு என்று தெரியாது. 45 என்று இருக்கு, வயசா, எடையா? குறிப்பை லேபிளுக்குப் பதிலா பயன்படுத்தக் கூடாது என்று எச்டிஎம்எல் விதிமுறையே சொல்லுது. டெஸ்க்டாப்புக்கும் அதே நியாயம்தான்.

லேபிள் 'இது என்ன' என்று சொல்லணும், எப்போதும் தெரியணும். குறிப்பு 'எப்படி எழுதணும்' என்று சொல்லணும், இல்லாமல் போனாலும் வேலை நடக்கணும். பிறந்த தேதி என்பது லேபிள், நாள்/மாதம்/ஆண்டு என்பது குறிப்பு. பதில் மாதிரியே தெரியற குறிப்பு வேண்டாம். கிளினிக் உதாரணத்தில் கோட் சரியா இருந்தாலும், 'பெனிசிலின்' என்று வச்சா அவசரத்தில் பார்க்கிறவர் ஏற்கனவே நிரப்பினது என்று நினைக்கலாம். 'மருந்தின் பெயர்' என்று வைங்க. அதை விட நல்லது, 'ஒவ்வாமை இல்லை' என்று பக்கத்தில் தனியா ஒரு செக்பாக்ஸ் கொடுங்க. கேட்கவே இல்லை என்பதும், கேட்டோம் இல்லை என்றார் என்பதும் வேற வேற தகவல்.

நிறத்துக்கு வருவோம். படிக்கிற எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேணும் என்பது டபிள்யூசிஏஜி சொல்ற அளவு. வெள்ளைப் பின்னணியில் பலரும் போடற 999999 என்ற சாம்பல் 2.85-தான் வரும். 767676 போட்டா 4.54. கொஞ்சம் அடர்த்திதான், ஆனா வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கத்து மானிட்டரிலும், ஐம்பது வயசுக் கண்ணுக்கும் தெரியும். அப்புறம், கையால் வரைஞ்ச குறிப்பு ஸ்க்ரீன் ரீடருக்குத் தெரியவே தெரியாது. அதனால அதே வாக்கியத்தை ஆக்ஸஸிபிள் டிஸ்க்ரிப்ஷனிலும் போடுங்க. ஸ்விங், வின்ஃபார்ம்ஸ், க்யூட்டி மூணிலும் அதுக்கு இடம் இருக்கு. டபிள்யூபிஎஃப்பில் ஹெல்ப்டெக்ஸ்ட் என்று பேர்.

நாளைக்கு ஆபீஸில் பண்ண ஒரு சோதனை

உங்க அப்ளிகேஷனில் ஒரு ஃபார்மைத் திறங்க. எதையும் தொடாமல் சேவ் பண்ணுங்க, டேட்டாபேஸில் என்ன விழுந்திருக்கு என்று பாருங்க. அடுத்து, குறிப்பில் இருக்கிற அதே எழுத்தை நீங்களே டைப் பண்ணி சேவ் பண்ணுங்க, அது பத்திரமா இருக்கா என்று பாருங்க. பழைய ரெக்கார்டு ஒண்ணைத் திறந்து எழுத்து கறுப்பா இருக்கா என்று பாருங்க. தமிழில் ஒரு வார்த்தை டைப் பண்ணுங்க. ஸ்க்ரீன் ரீடரை ஆன் பண்ணிக் கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. மொத்தம் பத்து நிமிஷம்.

முதல் இரண்டு சோதனையில் ஒண்ணு ஃபெயில் ஆனாலும், கோடைத் திருத்தறதோட நிறுத்தாதீங்க. அந்தக் குறிப்பு எழுத்து எத்தனை ரெக்கார்டில் பதிலா உட்கார்ந்திருக்கு என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை அந்த டேட்டாவை நம்பி வேலை செய்றவங்ககிட்ட சொல்லுங்க. பழைய ரெக்கார்டுகளை என்ன செய்யலாம் என்று அவங்களோட உட்கார்ந்துதான் முடிவெடுக்க முடியும்.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க டூல்கிட்டை நான் விட்டிருந்தா, அதில் நீங்க எப்படிப் பண்றீங்க என்று எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்தில் படிக்கிறேன்.